உப்புக்குள் ஒரு பூச்சித் துணுக்கு

நிலாவெளி உப்பளப் பக்கம் போனால் பாத்தி ஓரத்தில் எறும்பும் தும்பியும் உப்பேறிக் கிடப்பதைப் பார்க்கலாம். அப்படியொரு பூச்சி உப்புக்குள்ளேயே புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டு கழித்துக் கிடைத்தால் அந்த உப்பின் வயதை அது சொல்லுமா? இந்தக் கேள்வியில்தான் 1940களில் இந்தியாவின் அறிவியலாளர்கள் இரண்டு பக்கமாய் நின்று வாதாடினார்கள்.

இடம், பஞ்சாபின் உப்பு மலைத்தொடர். இப்ப பாகிஸ்தானில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நாம் இந்துப்பு எண்டு வாங்குவது அந்தப் பக்கத்து உப்புத்தான். சிந்துவில் இருந்து வந்ததால் அந்தப் பெயர்.

அந்த உப்புக்கு மேலே உள்ள பாறைகளில் ட்ரைலோபைட்டுகள் கிடைக்கின்றன. நண்டு, இறால், பூச்சி எல்லாம் அடங்கிய கணுக்காலிகளில் மிகப் பழைய கடல்வாசிகள். இங்கே கிடைப்பவை 50 கோடி ஆண்டுக்கும் முந்தியவை. கீழே கிடப்பது மேலே கிடப்பதை விட மூத்தது என்பது புவியியலின் அரிச்சுவடி. அப்ப, உப்பு அதைவிடப் பழையது.

ஆனால் லக்னோவில் இருந்த தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பால் சாஹ்னி அந்த உப்பைக் கரைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது மரத்துண்டுகளும் பூச்சிகளின் உடல் துணுக்குகளும் தெரிந்தன. அவ்வளவு பழைய காலத்தில் நிலத்தில் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆகவே உப்பு ஏறக்குறைய 5 கோடி ஆண்டு வயதுள்ள இயோசீன் காலத்தது, பழைய பாறைகள் பிறகு தள்ளுண்டு அதன்மேல் ஏறிவிட்டன என்றார் சாஹ்னி. 1944இலும் 1945இலும் இதற்கென்றே கருத்தரங்குகள் நடந்தன.

கேட்க விசித்திரமாய் இருந்தாலும் இது வெறும் கற்பனை இல்லை. பாரம் ஏறினால் உப்பு களிபோல வழுகும். அந்த மலைத்தொடரே உப்பின்மேல் வழுகித் தெற்கே நகர்ந்து வந்ததுதான். ஆனாலும் மலையை நடந்து அளந்தவர்களில் கனபேர் ஒப்பவில்லை. பின்னாளில் பஞ்சாப் சமவெளியில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, மலை நகராத இடத்திலும் பழைய பாறைக்குக் கீழேயே உப்பு இருந்தது. சாஹ்னியின் கணக்கு அங்கே விழுந்தது.

அப்படியானால் பூச்சி எப்படி உள்ளே போனது? பாறை உப்பின் குணமே அதுதான். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் உப்பைக் கரைக்கும், காயும்போது அதே உப்பு மறுபடி பளிங்காய் உறையும். தண்ணீர் கொண்டுவந்த தூசி, துரும்பு, பூச்சிக் கால் எல்லாம் உள்ளே பூட்டுப்படும். வெளியே பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது. துணுக்குகள் பொய்யில்லை, உப்போடு பிறந்தவை இல்லை, அவ்வளவுதான்.

சாஹ்னி 1949 ஏப்ரல் 10 அன்று காலமானார். ஒரு கிழமைக்கு முன்புதான் நேரு அவருடைய ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் வைத்திருந்தார். லக்னோவில் அது இன்றும் இயங்குகிறது. பாறையைக் கரைத்து மகரந்தத்தையும் நுண்துணுக்குகளையும் பிரித்தெடுப்பது அங்கே இப்பவும் அன்றாட வேலை.