ஆட்டின் முதுகு: தற்காப்பின் வரலாற்றை எங்கே தேடுவது?

சென்ற மாதம் ஆனைக்கரையில் இருந்தேன். பாலக்காட்டு மேற்கெல்லையிலும் இப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நான் குறிப்பிடுவது இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டை அடுத்த ஏலக்காட்டு ஊரை. அருகிலுள்ள செல்லார்கோவில் மேட்டில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் தெரியும். மழை விடாத ஒரு பிற்பகலில் அம்மா திண்ணையில் கரித்துண்டால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து, அக்காள் மகனை எதிரே உட்கார வைத்தார். புலி அம்மாவுக்கு, ஆடு அவனுக்கு. ஐந்து ஆடுகளை இழந்ததும் அவன் சலித்துக்கொண்டான்.

“அம்மாச்சி, ஆட்டால திருப்பி அடிக்கவே முடியாதே, அப்புறம் எப்படி ஜெயிக்கும்?”

“அடிக்க வேண்டாம்டா. முதுகைக் காலியா விடாம இருந்தாப் போதும்.”

சற்று யோசித்துவிட்டு அவன் சொன்னான்: “ஓ, பிளிஸிக்குத் துணையா ஸ்கார்மரி நிக்கிற மாதிரியா?”

அவன் சொன்ன இரண்டும் போக்கிமான் என்னும் காணொளி விளையாட்டின் உயிரிகள். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கோ, விளையாட்டு வரலாறு எழுதுவோர் நெடுநாளாகத் தவறவிட்ட ஒன்றை அந்த உரையாடல் எடுத்துக்காட்டியதாகத் தோன்றியது. அதன் பொருட்டே இப்பதிவு.

முதலில் கட்டத்தைப் பார்ப்போம். நம் பகுதியில் பரவலாக அறியப்பட்ட வடிவத்தில் உச்சிப்புள்ளி 1, அதன் கீழ் வரிசைக்கு 6 புள்ளிகளாக மூன்று வரிசைகள், அடியில் 4 புள்ளிகள், மொத்தம் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் வைக்கப்படும். எல்லா ஆடுகளும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிகளோ தொடக்கம் முதலே நகரலாம். நேர்கோட்டில் அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அதற்கப்பால் உள்ள வெற்றுப் புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுபடும். மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இவ்விதிகளில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. பதினைந்து ஆடுகளும் இழப்பின்றி இறங்கிவிட்டால் களத்தில் 18 காய்கள். எஞ்சும் வெற்றிடம் 5 மட்டுமே. புலியின் வலிமை முழுவதும் அந்த ஐந்து வெற்றிடங்களைச் சார்ந்தது. ஓர் ஆடு வெட்டுப்பட்டால் வெற்றிடம் ஆறாகிறது; அதாவது, ஓர் ஆட்டின் இழப்பு அண்டை ஆடுகளின் முதுகையும் திறந்துவிடுகிறது. கோடுகள் யாவும் முடிவுறும் மூலையில் நிற்கும் ஆட்டைத் தாண்ட இயலாது, ஏனெனில் அதற்கப்பால் இறங்க இடமில்லை. நடுக்களத்து ஆட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் பின்னால் இன்னொரு ஆடு நின்றாக வேண்டும். ஆகவே, “வலிமையான ஆடு” என்று தனியே ஒன்று கிடையாது. பாதுகாப்பு என்பது காயின் குணம் அன்று; காய்களுக்கு இடையிலான உறவின் குணம்.

சிறுவன் குறிப்பிட்ட விளையாட்டுக்கு வருவோம். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் முதல் இரு போக்கிமான் விளையாட்டுகள் வெளிவந்தன. 1999 நவம்பரில் வெளியான இரண்டாம் தலைமுறையில்தான் தற்காப்பு ஒரு முழுமையான ஆட்டமுறையாக உருப்பெற்றது. ஸ்கார்மரி, பிளிஸி என்னும் இரண்டு உயிரிகளும் அப்போது வந்தவையே. ஒவ்வொரு சுற்றிலும் முழு உயிர்ப்புள்ளியில் பதினாறில் ஒரு பங்கை மீட்டுத் தரும் ‘லெஃப்ட்ஓவர்ஸ்’ என்னும் பொருளும், எதிரணியில் புதிதாகக் களமிறங்கும் உயிரிகளைக் காயப்படுத்தும் முட்களும் அந்தத் தலைமுறையில் சேர்ந்தன.

இத்துடன் கொடுநஞ்சையும் சேர்த்துக் கணக்கிடலாம். அந்நஞ்சு முதற்சுற்றில் 1/16, அடுத்ததில் 2/16, பிறகு 3/16 என வளரும். ஐந்து சுற்றுகளில் மொத்தம் 15/16. ஆறாம் சுற்றில் உயிரி வீழும். தற்காக்கும் ஆட்டக்காரர் தாக்க வேண்டியதில்லை. ஆறு சுற்றுகள் நிலைத்து நின்றால் போதும். எதிரி தன் உயிரியைத் திரும்ப அழைத்தால் நஞ்சின் வளர்ச்சி முதலிலிருந்து தொடங்கும்; ஆனால் மாற்றாக இறங்கும் உயிரி முட்களில் காயப்படும். நின்றாலும் இழப்பு, நகர்ந்தாலும் இழப்பு.

அந்த நிலைத்து நிற்றலை ஒரே உயிரியால் செய்ய இயலாது என்பதே இங்கு முக்கியம். பிளிஸியின் அடிப்படை உயிர்ப்புள்ளி 255, சிறப்புத் தாக்குதலைத் தாங்கும் ஆற்றல் 135. உடல்வழித் தாக்குதலைத் தாங்கும் ஆற்றலோ வெறும் 10. ஸ்கார்மரியின் உடல்வழித் தற்காப்பு 140. ஒன்றின் குறை மற்றதன் நிறை. 2002இல் வந்த மூன்றாம் தலைமுறை, பயிற்சிப் புள்ளிகளுக்கு மொத்தம் 510 என வரம்பு விதித்தது. ஒரு திறனை நிறைக்க 252 போதும். எனவே ஓர் உயிரி இரு திறன்களை நிறைக்கலாம், மூன்றாவதற்கு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. உயிர்ப்புள்ளியை நிறைத்தபின் இருவகைத் தற்காப்பில் ஒன்றையே தேர முடியும். அதனால் ஒவ்வொரு அரணுக்கும் ஒரு திறந்த பக்கம் உண்டு. அப்பக்கத்தை இன்னொருவர் அடைக்க வேண்டும். அம்மா சொன்ன ‘முதுகு’ இதுவே.

2014இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பாக் வென்றார். அவரது அணியில் எவரும் பொருட்படுத்தாத பச்சிரிசு என்னும் சிறிய மின் அணில் ஒன்று இருந்தது. எதிரியின் தாக்குதலைத் தன்பால் ஈர்ப்பதே அதன் பணி. அதே அணியின் கியராடோஸ் மின் தாக்குதலுக்கு மிகவும் அஞ்சுவது; பச்சிரிசுவோ மின் தாக்குதலை உண்டு உயிர்ப்புள்ளியைப் பெருக்கிக்கொள்வது. அணிலைத் தனியே எடைபோட்டவர்களுக்கு அது பலவீனமான உயிரி. கியராடோஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு விளங்கும்.

ஆடுபுலியிலிருந்து போக்கிமான் தோன்றியது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. என் கவனம் இரண்டின் ஆவணநிலை குறித்தது. மேலே போக்கிமான் பற்றி நான் தந்த எண்கள் யாவும் எவரும் சரிபார்க்கத்தக்கவை. எந்த உயிரிக்கு எது துணை, எந்த ஆண்டில் எந்த விதிமாற்றத்தால் எந்த அரண் உடைந்தது என்பதை ஆட்டக்காரர்களே தலைமுறை வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். கால் நூற்றாண்டு வரலாறு அது.

ஆடுபுலிக்கு நம்மிடம் இருப்பது என்ன? கோயில் மண்டபத் தளங்களிலும் பாறைகளிலும் செதுக்கிய கட்டங்கள் உண்டு. அவற்றின் காலத்தை உறுதி செய்வதும் எளிதன்று. தளம் அமைந்த பிறகு எந்த நூற்றாண்டிலும் எவரும் கட்டத்தைக் கீறியிருக்கலாம். எச். ஜே. ஆர். மரே 1952இல் வெளியிட்ட பலகை விளையாட்டு வரலாற்று நூல் இவ்வகை ஆட்டங்களை வேட்டை ஆட்டங்கள் என்று தொகுத்தது. அவருக்குப் பின்வந்த விவரிப்புகளிலும் பெரும்பாலும் கட்டத்தின் வடிவம், காய்களின் எண்ணிக்கை, விதிகள் ஆகியவையே இடம்பெறுகின்றன. பதினைந்து ஆடுகளை எந்த வரிசையில் இறக்குவது, எந்த ஆட்டை வேண்டுமென்றே பலிகொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பது என்பவை அவற்றுள் அரிது.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று. தாக்குதல் தன் தடயத்தை விட்டுச் செல்கிறது: வெட்டுப்பட்ட காய் கட்டத்துக்கு வெளியே கிடக்கிறது, எண்ணலாம். தற்காப்பின் வெற்றியோ நிகழாத ஒன்று: வெட்டுப்படாத ஆடு, இறங்க முடியாத பாய்ச்சல். நிகழாததைக் கல் காட்டாது, காயும் காட்டாது. ஆட்டம் நடக்கும்போது நகர்வுகளை வரிசையாகக் குறித்தால்தான் அது ஆவணமாகும்.

“முதுகைக் காலியா விடாதே” என்னும் ஒரு வாக்கியத்தில் அடங்கும் அறிவுக்கு ஆவணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நேபாளத்தின் பாக்சால் ஆட்டம் இதற்கு விடை தருகிறது. 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். எல்லாம் இறங்கினால் ஒரே ஒரு வெற்றிடம். இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் யூர்க் நீவர்கெல்ட், லிம் யூ ஜின் ஆகியோர் அதைக் கணினிவழி ஆராயத் தொடங்கினர். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்பதை லிம் நிறுவினார். ஆடு வெறும் இரை அன்று. புலிக்கு முழுச் சமமான தரப்பு. ஆனால் அச்சமநிலையைக் காக்கும் நகர்வுகளைக் காணப் பெருங்கணக்கீடு தேவைப்பட்டது. திண்ணையில் ஆடுபவர் அதில் ஒரு பகுதியைக் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறார். அது ஒற்றை வாக்கியத்தில் அடங்காது.

நாட்டார் வழக்காற்றியல், வரலாறு, கணினியியல் பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டத்தைப் படமெடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். புள்ளிகளுக்கு உச்சியிலிருந்து 1 முதல் 23 வரை எண்ணிடுங்கள். நன்கு ஆடும் இருவரை அமர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் குறியுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டுத் தரப்பினரிடம் “ஏன் அங்கே வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். எல்லைக்கு இருபுறமும் இதைச் செய்ய வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது ஆனைக்கரை கேரளத்திலும் கம்பம் தமிழகத்திலும் அமைந்தன. ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி இறங்குவோரின் கால்கள் இன்றும் அந்தக் கோட்டைக் கடக்கின்றன. அவர்களுடன் ஆடும் முறையும் கடந்ததா, மலைக்கு மேல் ஒன்றும் கீழே ஒன்றுமாக மாறியதா என்பதை ஆட்டக் குறிப்புகள் கொண்டே அறிய முடியும்.

அன்று மாலையே நான் ஒரு குறிப்பேட்டுடன் திண்ணையில் அமர்ந்தேன். இம்முறை ஆடு அம்மாவுக்கு. முதல் மூன்று ஆடுகளையும் அவர் ஓரங்களில் இறக்கினார்; நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். ஏன் என்று கேட்டேன். “இது வரைக்கும் யாரும் கேக்கலையே, எப்படிச் சொல்றது” என்றார். மூன்று ஆட்டங்களின் குறிப்புகள் இப்போது என்னிடம் உள்ளன.