ஒரே பரப்பில் இரண்டு திரைகள்

லினக்ஸ் கணினியோடு இரண்டாவது மானிட்டர் ஒன்றை இணைத்த மாத்திரத்தில் சாளரங்களின் நிழல்கள் சிதறுவதும், ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் குறுக்கே ஒரு கிழிசல் தோன்றுவதும், சில வேளைகளில் டெஸ்க்டாப் அலங்காரங்கள் அனைத்தும் ஒரேயடியாக நின்றுபோவதும் 2006-ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டு அநேகர் கண்டு சலித்த காட்சிகளாகும். நிரல் எழுதியவர்களின் அசிரத்தையே இதற்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்தக் கோளாறுகளின் பூர்வ சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கத்தோடு, அவ்வக் காலத்துக்குப் பொருத்தமாகவே செய்யப்பட்ட இரண்டு நல்ல ஏற்பாடுகள் ஒன்றையொன்று சந்தித்தபோது உண்டான விளைவே இது என்பது தெளிவாகும்.

யூனிக்ஸ், லினக்ஸ் இயந்திரங்களின் திரையை நெடுங்காலம் ஆண்டுவந்த எக்ஸ் விண்டோ முறை, 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விச்சாலையில், அதீனா என்னும் திட்டத்தின் சூழலில், பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரின் முயற்சியால் பிறந்தது. இன்றளவும் வழக்கிலுள்ள அதன் பதினோராம் பதிப்பு 1987-இல் வெளியாயிற்று. ஒரு கணினிக்குப் பல திரைகள் இருக்கக்கூடும் என்பதை அம்முறை ஆதியிலேயே அங்கீகரித்திருந்தது. எனினும் ஒவ்வொரு திரையும் தனித்தனி ராஜ்யமாகவே பாவிக்கப்பட்டதனால், எலிச்சுட்டி எல்லையைத் தாண்டலாமே அன்றி, ஒரு திரையில் பிறந்த சாளரம் மற்றொன்றுக்குக் குடிபெயர வழியில்லை. அதே 1987-இல் வந்த மாக்கின்டோஷ் இரண்டாம் கணினியிலோ சாளரங்களை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாக இழுத்துச் செல்ல முடிந்தது. இந்தக் குறையை நீக்குவதற்காக டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தார் பனோரமிக்ஸ் என்ற பெயரில் வகுத்த உபாயம், பிற்பாடு சினெரமா என்னும் நாமம் பெற்று, 1998-இல் எக்ஸ் முறையின் அதிகாரபூர்வமான வெளியீட்டில் இடம்பிடித்தது. எத்தனை மானிட்டர்கள் இருந்தபோதிலும் அவற்றையெல்லாம் ஒரே விசாலமான பரப்பின் துண்டுகளாக நிரல்களுக்குக் காட்டுவதே அதன் தந்திரம். பழைய நிரல்கள் பெரும்பாலும் மாற்றமின்றியே அந்தப் பரப்பில் இயங்கின என்பதை எண்ணும்போது அதனை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது ஏற்பாடு 2004-இல் வந்தது. அதுவரையில் சாளரங்கள் நேரடியாகத் திரையின் மீதே தங்களை வரைந்துகொண்டன. ஒன்று மற்றொன்றை மறைத்து விலகினால், மறைபட்ட பகுதியை மீண்டும் வரையுமாறு அந்த நிரலைக் கேட்டுக்கொள்வதே சம்பிரதாயம். கீத் பேக்கார்ட் முதலியோர் உருவாக்கிய காம்போசிட் நீட்சி அந்த வழக்கத்தை மாற்றிற்று. ஒவ்வொரு சாளரமும் கண்ணுக்குப் புலப்படாத நினைவகத்தில் வரையப்பட, அவற்றையெல்லாம் சேர்த்து அடுக்கி, நிழலும் ஊடுருவு தன்மையும் கூட்டித் திரைக்கு அனுப்பும் பொறுப்பு ஒரு தனி நிரலுக்கு வந்து சேர்ந்தது. 2006 பிப்ரவரியில் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் அவ்வகை நிரலாகிய காம்ப்பிஸை வெளியிட்டபோது, கனசதுரமாகச் சுழலும் டெஸ்க்டாப்பையும் இழுத்த இழுப்புக்குத் துவளும் சாளரங்களையும் கண்டு உலகம் அதிசயித்தது. அதிலிருந்து பெரில் என்னும் நிரல் பிரிந்ததும், 2007-இல் இரு சாராரும் காம்ப்பிஸ் ஃப்யூஷனாகக் கூடியதும், அவ்வருஷம் அக்டோபரில் வந்த உபுண்டு 7.10 அதைச் சுயமாகவே இயக்கித் தந்ததும் விரைவில் நடந்தேறின.

சங்கடம் இங்கேதான் தோன்றிற்று. அலங்காரங்களை வரைந்தது கிராபிக்ஸ் சில்லு. அச்சில்லுக்கோ தான் கையாளக்கூடிய படத்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அக்காலத்து மடிக்கணினிகளில் மலிந்திருந்த இன்டெல் 945 வகைச் சில்லுக்கு அகலத்திலும் உயரத்திலும் 2048 புள்ளிகளே எல்லை. 1280-க்கு 800 அளவுள்ள மடிக்கணினித் திரையும், 1280-க்கு 1024 அளவுள்ள வெளி மானிட்டரும் தனித்தனியே அந்த வரம்புக்குள் அடங்கியவை. ஆனால் பக்கத்தில் பக்கமாக ஒரே பரப்பாக்கப்பட்ட மறுகணமே அகலம் 2560 ஆகி, அலங்காரம் செயலற்றுப்போயிற்று. இதற்குக் கண்டறியப்பட்ட பரிகாரம் என் உள்ளத்தை இன்றும் கவர்வது: மேஜையின் மேல் மானிட்டர்கள் அருகருகே இருக்க, அமைப்பில் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டால், அகலம் 1280, உயரம் 1824 என்று இரண்டும் எல்லைக்குள் நின்றுவிடும். வலப்புறத்துத் திரைக்குப் போக எலிச்சுட்டியை மேலே தள்ள வேண்டியிருந்தது என்னும் விபரீதத்தை உபயோகிப்போர் பொறுத்துக்கொண்டார்கள்.

திரை கிழிந்ததுபோலத் தோன்றும் வியாதி இதனினும் சூட்சுமமானது. மானிட்டர் தன் படத்தை நொடிக்கு அறுபது முறையோ எழுபத்தைந்து முறையோ புதுப்பிக்கிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் புதிய படத்தை மாற்றிவிட்டால் கிழிசல் தெரியாது. ஆனால் முழுப் பரப்பையும் ஒரே படமாகத் தீட்டி ஒரே முறையில் மாற்றும் நிரலுக்கு எந்த மானிட்டரின் இடைவெளியை அனுசரிப்பது என்ற கேள்வி எழுகிறது. இரு வேறு காலப்பிரமாணத்தில் பாடும் இருவருக்கு ஒரே கையால் தாளம் போட நேர்ந்தவருடைய நிலை அது. என்விடியா நிறுவனத்தின் டிரைவரில் எந்தத் திரையோடு இசைந்து செல்வது என்று குறிப்பிட ஓர் அமைப்பே இருந்தது என்றால், மற்றத் திரைக்குக் கிழிசல் விதிக்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும். கனசதுரமும் இந்தக் குழப்பத்துக்கு விலக்கன்று: எல்லா மானிட்டர்களையும் அளாவிய ஒரு பெரிய கனசதுரமா, மானிட்டருக்கு ஒன்றா என்பதைக் காம்ப்பிஸ் உபயோகிப்பவரிடமே கேட்டது.

2007-இல் வெளிவந்த, எக்ஸ் முறையின் ரேண்ட்ஆர் 1.2 நீட்சி, இயங்கும்போதே மானிட்டரைச் சேர்க்கவும் நீக்கவும் வகைசெய்து பேருதவி புரிந்தது. ஆயினும் ஒரே பரப்பு என்ற அஸ்திவாரத்தை அது மாற்றவில்லை. ஆகவே கோளாறு தீர்ப்போரிடையே ஒரு கிரமம் வேரூன்றிற்று. முதலில் அலங்காரத்தை நிறுத்திப் பார்ப்பது. கேடீஇ டெஸ்க்டாப்பின் அடுக்கும் நிரலாகிய கேவினில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதுமாயிருந்தது. பிசகு மறைந்தால் பிறகு ஒரு மானிட்டரைக் கழற்றுவது. அதன்பின் இரண்டையும் ஒரே புதுப்பிப்பு வேகத்துக்குக் கொண்டுவருவது. கடைசியாகவே டிரைவரைச் சந்தேகிப்பது. சரித்திரம் அறியாதவரும் கைக்கொண்ட இந்த வரிசை, கோளாறு எந்த அடுக்கில் குடியிருக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டியது.

கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய, எக்ஸுக்கு மாற்றான வேலண்ட் முறை, ஒரே பரப்பு என்ற அந்த அஸ்திவாரத்தையே மாற்றத் துணிந்தது. அடுக்கும் நிரலே திரையின் அதிபதியாகி, மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் தனிப் படத்தை அதனதன் காலத்தில் தீட்டுவதற்கு அதில் இடமுண்டு. 2016 நவம்பரில் ஃபெடோரா 25 அதைத் தன் இயல்பான முறையாக ஏற்றது. இடமுண்டு என்பதனாலேயே காரியம் முடிந்துவிடவில்லை: வெவ்வேறு வேகமுள்ள மானிட்டர்களை அவற்றின் சொந்த வேகத்திலேயே ஓட்டும் வித்தை, கேவின் நிரலின் அடுக்கும் பகுதி திருத்தி எழுதப்பட்ட பின்னர், 2021 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 5.21-இல்தான் கேடீஇ உபயோகிப்போருக்குக் கிட்டிற்று.