முனி முதல் காஞ்சனா 3 வரை: பேய்க்கு என்ன ஆச்சு? ரசிகர்கள் இன்னும் சண்டை போடுவது ஏன்?

ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா 4' பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், கூடவே ஒரு பழைய சண்டையும் கிளம்பிவிடும். "முதல் காஞ்சனா மாதிரி வருமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அட, முனியில ராஜ்கிரண் பண்ணாரே, அதுதான்யா படம்" என்பார் அடுத்தவர். "மூணாவது பாகம் வசூலை அள்ளுச்சு. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு என்ன பிரச்னை?" என்று மூன்றாவது ஆள் குறுக்கே வருவார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையாக இருக்கட்டும், ஈசிஆரில் கானாத்தூர் மாயாஜாலில் இடைவேளை பாப்கார்ன் வரிசையாக இருக்கட்டும், வாதம் இதே ரூட்டில்தான் போகும்.

இந்தப் பட வரிசையின் தரம் உண்மையிலேயே குறைந்ததா? குறைந்தது என்றால் எந்த இடத்தில்?

மொத்தம் எத்தனை படங்கள்?

இதுவரை 4. எல்லாமே லாரன்ஸ் இயக்கி நடித்தவை. 'முனி' 2007 மார்ச்சில் வந்தது. 2011 ஜூலையில் 'முனி 2: காஞ்சனா'. பிறகு 2015 ஏப்ரலில் 'காஞ்சனா 2', 2019 ஏப்ரலில் 'காஞ்சனா 3'. இரண்டாவது படம் பெற்ற வெற்றியில் 'முனி' என்ற பெயரே பின்னால் போய், 'காஞ்சனா' முன்னால் வந்துவிட்டது. அதனால்தான் 'காஞ்சனா 2' என்பது உண்மையில் மூன்றாவது படம். புதிதாகப் பார்க்க உட்காருபவர்கள் குழம்பும் இடம் இது. ஆனால் கவலை வேண்டாம், ஒரு படத்தின் கதைக்கும் அடுத்த படத்தின் கதைக்கும் தொடர்பு கிடையாது.

தொடர்வது ஒரு அமைப்புதான். பேய் என்றாலே நடுங்கும் ஒரு இளைஞன். பொழுது சாய்ந்தால் வெளியே வரமாட்டான், ராத்திரி பாத்ரூம் போக அம்மா துணைக்கு வரவேண்டும். அந்த அம்மா கோவை சரளா. அவன் உடம்பிலேயே ஒரு பேய் புகுந்துகொள்ளும். பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் இருக்கும், அதில் ஒரு அநியாயம் நடந்திருக்கும், கடைசியில் பழிவாங்கல்.

4 படத்திலும் இதுவேதான் என்றால், முதல் இரண்டு ஏன் நிற்கின்றன? மற்றவை ஏன் கேள்விக்குள்ளாகின்றன?

பேய் யார் என்பதில்தான் விஷயம்

'முனி'யில் லாரன்ஸ் உடம்பில் வருவது ராஜ்கிரண் நடித்த முனியாண்டி. நம்பி உழைத்த அரசியல்வாதியாலேயே ஏமாற்றப்பட்டுக் கொல்லப்பட்டவர். 'காஞ்சனா'வில் வருவது சரத்குமார் நடித்த திருநங்கை காஞ்சனா. இரண்டு படத்திலும் பேய் ஒரு வேற்றாள். பயந்தாங்கொள்ளிப் பையன் திடீரென்று ராஜ்கிரண் மாதிரி மிடுக்காக நடக்கிறான். மீசை வைத்த பிள்ளை புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பூசிக் குளிக்கிறான். வீட்டில் இருப்பவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். சிரிப்பும் பயமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: நமக்குத் தெரிந்த ஒருவன் வேறு யாரோவாக மாறுவதில்.

'காஞ்சனா 2'இல் இது மாறியது. பிளாஷ்பேக்கில் நித்யா மேனன் நடித்த கங்கா இருக்கிறார், கால் ஊனமுற்ற பெண், நல்ல பாத்திரம். ஆனால் அவர் காதலிக்கும் சிவாவாக வருவது லாரன்ஸே. 'காஞ்சனா 3'இல் பேயாக வரும் காளியும் லாரன்ஸ்தான். அதாவது, லாரன்ஸ் உடம்பில் லாரன்ஸ் புகுகிறார். பேய் வந்ததும் கூலிங் கிளாஸ், வெள்ளை முடி, பன்ச் வசனம், பாட்டு என்று அது ஹீரோ என்ட்ரி ஆகிவிடுகிறது. விசில் அடிக்கலாம், பயப்பட முடியாது. நம் பார்வையில் சறுக்கல் தொடங்கிய இடம் இதுதான். காமெடி பழசாகிவிட்டது, கிளாமர் கூடிவிட்டது என்று ரசிகர்கள் சொல்வதெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

"காமெடி ரிப்பீட்" என்ற புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. பயந்து ஓடிவந்து இடுப்பில் ஏறி உட்காருவது முதல் தடவை வெடிச்சிரிப்பு. நான்காவது படத்திலும் அதே இடுப்பு, அதே அறை என்றால்? ஆனாலும் கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியார் மருமகளாக ஒரே அறையில் மாட்டிக்கொள்ளும் காட்சிகள் டிவியில் வந்தால் இன்றும் ரிமோட் கை மாறாது. அதை யாரும் மறுப்பதில்லை.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு காஞ்சனா ஏன் ஒட்டிக்கொண்டது?

காஞ்சனாவைக் கொன்றது ஒரு மனைக்காக. பெற்றோர் வீட்டைவிட்டு அனுப்பிய காஞ்சனாவை ஒரு இஸ்லாமியப் பெரியவர் அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றுகிறார். காஞ்சனா, தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொரு பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலத்தை ஒரு அரசியல்வாதி பறிக்கிறார். அந்த நிலத்திலேயே எல்லோரும் புதைக்கப்படுகிறார்கள். அங்கே கிரிக்கெட் ஆடப் போகும் பையன் ஸ்டம்ப்போடு சேர்த்துப் பேயையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறான்.

படம் வந்தது 2011 ஜூலை. அதே ஜூலையில்தான் தமிழக அரசு நில அபகரிப்புப் புகார்களை விசாரிக்க மாவட்டந்தோறும் போலீசில் சிறப்புப் பிரிவு அமைக்க முடிவு செய்தது. செங்கல்பட்டு அப்போது தனி மாவட்டம் கூட இல்லை, 2019 நவம்பர் வரை காஞ்சிபுரத்தோடுதான் இருந்தது. ஓஎம்ஆரில் ஐ.டி. கம்பெனிகள் வந்தபின் கேளம்பாக்கம், திருப்போரூர் முதல் கோவளம், மாமல்லபுரம் வரை மனை விலை ஏறிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்ற போர்டு ஏன் வைக்கிறார்கள் என்பதும் தெரியும். வேலி போட்ட காலி மனையைக் காட்டினால் பயம் வருவதற்கு இந்தப் பக்கத்து ஆளுக்குப் பேய் தேவைப்படவில்லை.

'காஞ்சனா 2' கடற்கரைக்கே வந்தது. டிஆர்பி சரிந்த ஒரு டிவி சேனல், பொய்யாக ஒரு பேய் நிகழ்ச்சி எடுக்க ஆள் இல்லாத கடலோர பங்களாவுக்குப் போகிறது. மணலில் புதைந்த தாலி ஒன்று டாப்ஸி கையில் கிடைக்கிறது. ஈசிஆரில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீக்எண்ட் பங்களாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த முதல் அரைமணி நேரம் நன்றாகவே வேலை செய்தது. (சேனல்காரர்களை வைத்துச் செய்த கிண்டலும் சரியாகவே விழுந்தது. நாம் கோபப்பட முடியாது.) அப்புறம்தான் சிவா வந்தார்.

திருநங்கை பாத்திரம் பற்றிய விமர்சனம் என்ன?

இதிலும் இரண்டு பக்கம் உண்டு. தமிழகத்தில் திருநங்கைகளுக்கான நலவாரியம் 2008இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளிலேயே ஒரு மாஸ் படம் ஒரு திருநங்கையைக் கேலிப் பொருளாக்காமல், கனவு உள்ள மனுஷியாகக் காட்டியது, அதுவும் சரத்குமார் போன்ற ஆக்‌ஷன் ஹீரோவை வைத்து. அது பெரிய விஷயம்தான். ஆனால் அதே படத்தின் முதல் பாதியில் ஆண் உடம்பில் வரும் பெண்மையைக் காட்டித்தான் சிரிக்க வைக்கிறார்கள். திருநங்கை பாத்திரத்துக்குத் திருநங்கையையே ஏன் நடிக்க வைக்கவில்லை என்ற கேள்வி இன்று இன்னும் சத்தமாகக் கேட்கிறது. 2011இல் எடுத்ததை 2011 கண்ணால் பார்க்கணும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2020இல் வந்த படத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

ஆம், இந்தி ரீமேக் 'லக்ஷ்மி'. லாரன்ஸே இயக்கி, அக்‌ஷய் குமார் நடித்து, 2020 நவம்பரில் ஓடிடியில் வந்தது. கதை அதே கதை, ஆனால் கடும் விமர்சனம். காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். இந்தியில் ஹீரோ பேய்க்குப் பயப்படுபவர் அல்ல, பேயே இல்லை என்று சவால் விடுபவர். நடுங்கும் பிள்ளையும் இல்லை, அவனை இடுப்பில் தூக்கும் அம்மாவும் இல்லை. பிளாஷ்பேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் காஞ்சனா வராது என்பதற்கு லாரன்ஸ் தன் செலவில்லாமலே செய்துகாட்டிய சோதனை என்று சொல்லலாம்.

மற்ற பேய் வரிசைகள் எப்படி?

சுந்தர் சி-யின் 'அரண்மனை' 2014இல் தொடங்கியது. 2ஆம் பாகம் 2016, 3ஆம் பாகம் 2021. மூன்றாவது வந்தபோது "இதோட நிறுத்திக்கலாம்" என்றவர்கள் அதிகம். 2024 மே மாதம் நான்காவது வந்து அந்த வாயை அடைத்தது. அதில் பேயாக வரும் தமன்னா பழிவாங்க அலைவதைவிட, தன் பிள்ளைகளைக் காப்பாற்றப் போராடுகிறார். எதிரே நிற்பது அசாம் நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'பாக்' என்ற நீர்ப்பேய். அரண்மனை அதேதான், பேயின் நோக்கம் மட்டும் மாறியது. சறுக்கிய வரிசை எழுந்திருக்காது என்று சட்டம் இல்லை.

சந்தானத்தின் 'தில்லுக்கு துட்டு' வரிசை இன்னும் வேடிக்கை. 2023இல் வந்த 'டிடி ரிட்டர்ன்ஸ்' அந்த வரிசையை மறுபடி தூக்கி நிறுத்தியது. 2025இல் வந்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' கதையில் பேய் துரத்துவது யாரை தெரியுமா? சினிமா விமர்சகர்களை!

ஜாம்பி படங்களிலும் இதே சண்டைதானா?

ஆமாம், அங்கே இன்னும் பழைய சண்டை. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் தொடங்கிய ஜாம்பி வரிசை 2009 வரை 6 படங்களாக நீண்டது. முதல் மூன்றுதான் படம் என்பவர்கள் இன்றும் உண்டு. வீடியோ கேமிலிருந்து வந்த 'ரெசிடென்ட் ஈவில்' 2002 முதல் 2016 வரை 6 படங்கள். விமர்சகர்கள் திட்டத் திட்ட, உலக அளவில் 100 கோடி டாலருக்கு மேல் வசூல். நம்ம ஊரில் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' 2016இல், ஊட்டியில் நடக்கும் கதையாக வந்தது. அடுத்த பாகத்துக்கு வழிவிட்டு முடிந்த படம்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஜாம்பிக்குப் பெயர் கிடையாது, ஞாபகம் கிடையாது, யார்மீதும் தனிக் கோபமும் கிடையாது. எனவே அங்கே சண்டை, கூட்டம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, கடிபட்டால் எத்தனை நிமிஷம் என்ற விதிகளைப் பற்றி நடக்கும். தமிழ்ப் பேய்க்குப் பெயர், ஊர், வழக்கு எல்லாம் உண்டு. அந்த வழக்கில் உயிர் இல்லையென்றால் மற்ற எதுவும் நிற்காது.

வசூல் மட்டும் குறையவில்லையே?

குறையவில்லை. 'காஞ்சனா 2', 'காஞ்சனா 3' இரண்டுமே 100 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. இரண்டும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வந்தவை, பள்ளி முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம். பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாகப் போகக்கூடிய பேய்ப் படம் என்பது தமிழில் லாரன்ஸ் பிடித்து வைத்திருக்கும் இடம். கண்ணை மூடிக்கொண்டு விரல் சந்தில் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் பாகத்தோடு ஒப்பிடும் வேலை இல்லை. அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் பாகம்.

காஞ்சனா 4இல் எதைக் கவனிக்கலாம்?

பூஜா ஹெக்டே, நோரா ஃபதேஹி நடிப்பதாகச் செய்திகள் வந்துள்ளன. ட்ரெய்லர் வந்ததும் பாட்டையும் கிராபிக்ஸையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: லாரன்ஸ் உடம்பில் வரப்போவது யார்? வேறு ஒரு நல்ல நடிகரின் முகம் அங்கே தெரிந்தால் முதல் நாள் முதல் ஷோவுக்கே டிக்கெட் போடலாம்.