ஈராக் மீதான பொருளாதாரத் தடைகள் (1990–2003)

ஈராக் 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்தை ஆக்கிரமித்தபோது, நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 661ஆம் தீர்மானம், மருந்தும் மனிதாபிமான நோக்கிலான உணவும் நீங்கலாக, அந்நாட்டுடனான ஏறத்தாழ எல்லா வணிகத்தையும் தடைசெய்தது. கியூபாவும் ஏமனும் மட்டும் வாக்களிப்பில் நடுநிலை வகித்தன. குவைத் மீட்கப்பட்ட பின்னரும், பேரழிவு ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் 687ஆம் தீர்மானம் (1991) தடையை நீட்டித்தது. எண்ணெய் ஏற்றுமதியையே நம்பியிருந்த நாட்டில் தினாரின் மதிப்பு சரிந்தது. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரின் போன்றவைகூட ‘இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்’, அதாவது படைத்துறைக்கும் உதவக்கூடியவை, என ஐயுறப்பட்டுத் தாமதமாயின. எண்ணெய் விற்ற தொகையை ஐ.நா. கட்டுப்பாட்டுக் கணக்கில் செலுத்தி, அதிலிருந்து உணவும் மருந்தும் வாங்க வகைசெய்த ‘எண்ணெய்க்கு உணவு’த் திட்டம் 1995இல் ஏற்கப்பட்டு 1996 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஈராக்கில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளை ஒருங்கிணைத்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின்வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்பொனெக் 2000இலும் தடைகளைக் கண்டித்துப் பதவி விலகினர். குழந்தை இறப்பு குறித்து அன்று பரவிய எண்ணிக்கைகள் பிற்கால ஆய்வுகளில் ஐயத்துக்குள்ளாயின என்றாலும், அரசின் உணவுப் பங்கீட்டையே மக்கள் சார்ந்திருக்க நேர்ந்ததால், தடைகள் சதாம் உசேனின் ஆட்சியைத் தளர்த்துவதற்கு மாறாக அதன் பிடியை இறுக்கின என்று கொள்வதே பொருத்தமாகும். அவரது ஆட்சி வீழ்ந்தபின், 2003 மே மாதத்தில், 1483ஆம் தீர்மானம் ஆயுத வணிகம் தவிர்த்த ஏனைய வணிகத் தடைகளை நீக்கியது.