எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் என் டெஸ்க்டாப்

ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலும் நம்முடைய அமைப்புகள் பின்னாலேயே வந்துவிடுவதை, கிளவுட் வந்த பிறகு கிடைத்த வசதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் சிஸ்டம் அட்மின் வட்டாரத்து இளைஞர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அந்த ஏற்பாட்டுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

1983 மே மாதம் அமெரிக்காவின் எம்ஐடியில் பிராஜெக்ட் அதீனா தொடங்கியது. டெக், ஐபிஎம் இரண்டு கம்பெனிகளும் கூட்டு. வளாகமெங்கும் ஒர்க்ஸ்டேஷன்கள் போட்டார்கள். எந்த மாணவர் எதன் முன்னால் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகளும் திரையும் அப்படியே வந்து நிற்கவேண்டும் என்பது திட்டம். யூனிக்ஸில் இது இயல்பாகவே அமைந்துவிட்டது. பெயர் புள்ளியில் தொடங்கும் சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகளில்தான் அங்கே ஒருவரின் விருப்பங்கள் இருக்கும். அவை இருப்பது அவருடைய ஹோம் டைரக்டரியில், ஹோம் டைரக்டரி இருப்பது சர்வரில். யாருடைய ஹோம் எந்த சர்வரில் என்று சொல்ல ஹெசியாட், வந்திருப்பவர் அவர்தானா என்று சரிபார்க்க கெர்பரோஸ்.

அதீனாவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மெஷினின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் பாஸ்வேர்ட், பொது ஒர்க்ஸ்டேஷன்களைப் பொறுத்தவரை அங்கே ரகசியமே இல்லை. ‘டெல்மீ ரூட்’ என்று அடித்தால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்! பொது இடத்து மெஷினை நம்பவே கூடாது, நம்பிக்கையெல்லாம் சர்வர் பக்கம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும். அதே காலத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மோடு சேர்ந்து ஆண்ட்ரூ என்ற திட்டத்தை இதே நோக்கத்தோடு நடத்தியது.

எங்கள் தலைமுறைக்கு இது வந்து சேர்ந்தது விண்டோஸ் வழியாக. 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0இல் ஒருவரின் ப்ரொஃபைல் என்பது ஒரு ஃபோல்டர். அதற்குள் டெஸ்க்டாப், ஃபேவரிட்ஸ், ரெஜிஸ்ட்ரி விவரங்கள் அடங்கிய என்டியூசர்.டாட் கோப்பு. ரோமிங் ப்ரொஃபைல் போட்டால் லாகின் நேரத்தில் இந்த ஃபோல்டர் சர்வரிலிருந்து மெஷினுக்கு வரும், லாக் ஆஃப் செய்யும்போது திரும்பிப் போகும். யூனிக்ஸ்காரர்கள் வீட்டை இருந்த இடத்திலேயே விட்டு வாசலை மட்டும் திறந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டோ தினமும் இரண்டு வேளை வீட்டையே காலி செய்து லாரியில் ஏற்றியது. பின்னால் வந்த தலைவலியெல்லாம் இதிலிருந்துதான்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நான் சென்னையில் ஒரு பிபிஓவில் ஹெல்ப்டெஸ்கில் இருந்தேன். மூன்று ஷிஃப்ட். ஒருவர் எழுந்தால் அதே சீட்டில் அடுத்தவர். நாளைக்கு அவர் வேறு சீட்டில். ரோமிங் ப்ரொஃபைல் இல்லாமல் அங்கே பிழைப்பு நடக்காது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஹாலில் நின்று பார்த்தால் வரிசையாக எல்லா எக்ஸ்பி மெஷினிலும் ‘லோடிங் யுவர் பர்சனல் செட்டிங்ஸ்’ என்ற சின்னப் பெட்டி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். டெஸ்க்டாப்பும் ப்ரொஃபைலில் சேர்த்தி என்பது யாருக்கும் தெரியாது. பாட்டு, கல்யாண ஆல்பம், பாதிப் படம் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும். புது சீட் என்றால் அத்தனையும் முழுதாக இறங்கியாக வேண்டும். நாற்பது பேர் தலைக்கு 300 எம்பி, சர்வரின் 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாக இழுத்தால் வெறும் கணக்குப்படியே 16 நிமிடம் ஆகும். அதற்குள் கால் வரத் தொடங்கிவிடும், டீம் லீடர் கத்தத் தொடங்கிவிடுவார்.

லாக் ஆஃபிலும் நிம்மதி இல்லை. ஏதாவது ஒரு புரோகிராம் ரெஜிஸ்ட்ரியைப் பிடித்துக்கொண்டு விடாது. இதற்கென்றே யூபிஎச்கிளீன் என்று ஒரு தனிக் கருவியை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியிருந்தது. ஒரே ஆள் இரண்டு மெஷினில் லாகின் ஆகியிருந்தால், கடைசியாக வெளியேறிய மெஷினின் என்டியூசர்.டாட் மற்றதை அழித்துவிட்டு உட்காரும். ப்ரொஃபைல் கெட்டுப்போனால் விண்டோஸ் தற்காலிகமாக ஒரு வெற்று டெஸ்க்டாப்பைக் கொடுக்கும். உடனே போன் வரும்: “சார், என் டெஸ்க்டாப்பையே காணோம் சார்!”

எக்ஸ்பிக்கு முன்பே விண்டோஸ் 2000 கெர்பரோஸை எடுத்துக்கொண்டிருந்தது. ஃபோல்டர்களைச் சர்வரிலேயே நிறுத்தும் ஃபோல்டர் ரீடைரக்‌ஷனையும் கொடுத்தது, அதைப் போட்ட இடங்களில் சுமை குறைந்தது. ஆனால் விஸ்டா வந்ததும் பழைய ப்ரொஃபைல் அதற்கு ஒத்துவரவில்லை. ஃபோல்டர் பெயரின் வாலில் வி2 ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் 8க்கு வி3, 8.1க்கு வி4, 10க்கு வி5, அதே 10இன் 1607 பதிப்புக்கு வி6. ஒரே மனிதருக்குச் சர்வரில் ஆறு வீடு. இதைத் திட்டமிட்ட வடிவமைப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாற்றம் வந்தது பிரவுசர் பக்கமிருந்து. 2009இல் குரோம் புக்மார்க்குகளை கூகுள் கணக்கோடு இணைத்தது. 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4 அந்த வசதியை உள்ளேயே வைத்து வந்தது. 2012 அக்டோபர் 26இல் வெளியான விண்டோஸ் 8, மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக வால்பேப்பர், மொழி, பாஸ்வேர்ட் என்று சில்லறை சில்லறையாக அனுப்பியது. இந்த வழியில் முழு ஃபோல்டரைத் தூக்கும் வேலை இல்லை. மொழியோடு கீபோர்டும் வந்ததால், விண்டோஸோடு வரும் தமிழ்க் கீபோர்டை மெஷினுக்கு மெஷின் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வேலை மிச்சம்.

அங்கேதான் வீட்டின் உரிமை கைமாறியது. அதீனாவில் வீடு கல்லூரியுடையது, என்டி காலத்தில் கம்பெனியுடையது. விண்டோஸ் 8இலோ ஊழியர் தன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை ஆபீஸ் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். அட்மின் பாலிசி போட்டுத் தடுத்தால்தான் உண்டு. விண்டோஸ் 10 காலத்தில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. என்டர்பிரைஸ் ஸ்டேட் ரோமிங்கில் அமைப்புகள் கம்பெனிக் கணக்கில், என்கிரிப்ட் ஆகி, தனியாகப் போகும். பிரவுசர் மட்டும் இன்னும் பலருக்கு சொந்த ஜிமெயிலில்தான்.

அதன் விலை தெரிந்தது பெரிய இடங்களில். 2022இல் சிஸ்கோவுக்குள் நுழைந்தவர்கள் முதலில் பிடித்தது ஓர் ஊழியரின் சொந்த கூகுள் கணக்கை. ஆபீஸ் பாஸ்வேர்ட் குரோம் வழியாக அதில் சிங்க் ஆகியிருந்தது. 2023இல் ஆக்டாவில் இதே கதை. ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பின் குரோமில் சொந்தக் கணக்கில் நுழைந்திருந்தார், கஸ்டமர் சப்போர்ட் சிஸ்டத்தின் சர்வீஸ் கணக்கு பாஸ்வேர்ட் அதில் சேமிப்பாகியிருந்தது. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் வெளியாட்கள் கைக்குப் போயின. மற்ற கம்பெனிகளின் லாகின்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்டது ஆக்டா என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதை ஆபீஸ் மெஷினில் படிக்கிறீர்கள் என்றால் குரோமின் வலது மேல் மூலையைப் பாருங்கள். அங்கே உங்கள் சொந்தக் கணக்கின் படம் இருந்தால் சிங்க்கை நிறுத்துங்கள், அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் ஆபீஸ் பாஸ்வேர்ட்களை அழித்துவிட்டு, அவற்றை மாற்றியும் விடுங்கள். அட்மின்களுக்கு ஒரு வார்த்தை: கம்பெனிக் கணக்கு தவிர வேறெதுவும் குரோமில் நுழையாதபடி செய்ய ‘ரிஸ்ட்ரிக்ட் சைன்இன் டு பேட்டர்ன்’ என்று ஒரு பாலிசி இருக்கிறது. அதைப் போடத் தனியாகக் காசு எதுவும் கட்டவேண்டியதில்லை.