‘மோல்’ என்னும் சொல்

இரசாயன சாஸ்திரத்தில் புதிதாகப் புகும் மாணாக்கர் முதலில் மலைத்து நிற்கும் இடங்களுள் ஒன்று, இத்தனை மோல் எத்தனை கிராம் என்று ஆசிரியர் வினவும் இடமாகும். அம்மலைப்பின் வேர் அச்சொல்லின் சரித்திரத்திலேயே புதைந்து கிடக்கிறதென்பது என் துணிபு.

லத்தீன் மொழியில் ‘மோலெஸ்’ என்பதற்குப் பெரும் பாரம், குவியல், கடலலையைத் தடுக்கக் கட்டிய பருத்த அணை என்றெல்லாம் அர்த்தம் உண்டு. அதனோடு சிறுமைப்பொருள் விகுதியைச் சேர்த்து, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பண்டிதர்கள் ‘மோலெகுலா’, அதாவது சிறு குவியல், என்று வழங்கலாயினர். பேரணையைச் சுட்டிய சொல் இவ்வாறு கண்ணுக்குப் புலனாகாத சூக்ஷ்மப் பொருளுக்குப் பெயராயிற்று. அதற்கு நாம் வழங்கும் ‘மூலக்கூறு’ என்னும் பெயர், பொருளால் மட்டுமன்றி ஓசையாலும் அந்த லத்தீன் சொல்லை நினைப்பூட்டுவது எனக்கு எந்நாளும் இன்பம் தருவது.

1890களில், லைப்சிக் நகரப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு, ஒரு பதார்த்தத்தின் மூலக்கூற்று எடை எவ்வெண்ணோ அவ்வெண்ணளவு கிராம் பொருளுக்கு, அச்சொல்லின் தலையை மட்டும் நிறுத்தி, ‘மோல்’ என்று பெயரிட்டார். அணுக்கள் மெய்யாகவே உள்ளன என்பதை அந்நாளில் அவர் ஏற்றவரல்லர். ஆதலால் அவருடைய மோல் தராசுத் தட்டில் வைத்து நிறுக்கும் எடையே. 18 கிராம் தண்ணீர்தான் ஒரு மோல். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பின்னர் மூலக்கூறுகளை எண்ணும் வழிகளைப் பிரான்சு நாட்டுப் பெரேன் முதலியோர் கண்டனர். ஒரு மோலில் அடங்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு அவரே 1909இல் அவகாட்ரோ என்னும் அறிஞரின் பெயரைச் சூட்டினார். 1971இல் மோல், கிலோகிராமினின்று வேறான அடிப்படை அலகாயிற்று. எடையாய்ப் பிறந்த சொல் எடையை விட்டுப் பிரிந்த பிறகே, இரண்டையும் இணைக்கும் பாலமாக மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, வேண்டியதாயிற்று. சாதாரண உப்புக்கு அது 58.44 கிராம், உப்பு 117 கிராம் இருந்தால், 58.44ஆல் வகுக்க ஏறத்தாழ 2 மோல் என்று கிடைக்கும். 2 மோல் உப்பு வேண்டின், அதே எண்ணால் பெருக்கி நிறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2019இல் அப்பிரிவு முழுமையுற்றது. கார்பன்-12இன் 12 கிராமைச் சார்ந்திருந்த பழைய வரையறை நீங்கி, 6.02214076 × 10²³ என்னும் எண்ணிக்கையே மோலாக நிலைநாட்டப்பட்டது. அந்தக் கார்பனின் ஒரு மோல் 12 கிராம்தானா என்பது இனிச் சோதனையால் அறிய வேண்டிய செய்தி. ஆயினும் அதில் வரக்கூடிய வேறுபாடு, பள்ளிக்கூடத் தராசு எதற்கும் எட்டாத அத்துணை சொற்பம்.