வண்டலூர் குரங்கும் வீராணம் தண்ணீரும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு இந்தப் பக்கம் வளர்ந்தவர்களிடம் மழைக்காடு என்று சொன்னால், டிவியில் பார்த்த அமேசான்தான் ஞாபகம் வரும். நம்முடைய மழைக்காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அதன் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

எட்வர்ட் பால்ஃபரிடமிருந்து தொடங்கலாம். மருத்துவரான அவர், மரங்களுக்கும் மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1849லேயே சென்னையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆள்தான் 1855ல் எழும்பூர் மியூசிய வளாகத்தில் மிருகக்காட்சி சாலையைத் தொடங்கியவர். 1860களில் அது சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. காட்டைப் பற்றிய கவலையும் விலங்கைக் கூண்டில் வைத்துப் பார்க்கிற ஆசையும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருந்திருக்கின்றன. அந்த இரண்டும் வேறு வேறு என்பது புரிய நமக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

புரிய வைத்தது ஒரு குரங்கு. சிங்கவால் குரங்கு, சோலைமந்தி என்றும் சொல்வார்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி சாம்பல் நிறப் பிடரி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் அது இருக்கிறது. பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு கிளைகிளையாகப் போய், கொட்டையை வேறெங்கோ துப்பும். இருவாச்சிப் பறவை செய்வதும் இதே மாதிரி வேலைதான். பெரிய பழங்களை அப்படியே விழுங்கி, தாய்மரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி விதையைக் கக்கும். பெரிய விதைகளைக் காற்று தூக்கிப் போகாது. இந்த விலங்குகள் இல்லாமல் போனால் மரங்கள் உடனே சாகாது. அடுத்த தலைமுறை முளைப்பதுதான் குறையும். அதனால் அந்தக் காடு வெளியிலிருந்து பார்க்கப் பச்சையாகவே இருக்கும், ஆனால் உள்ளே கிழடாகிக்கொண்டு போகும்.

1976ல் தமிழ்நாடு இந்தக் குரங்குக்காகவே களக்காட்டைச் சரணாலயமாக்கியது. அதே காலத்தில் கேரளத்தில் சைலன்ட் வேலிக்குள் குந்திப்புழாவைத் தடுத்து அணை கட்ட மின்வாரியம் திட்டம் போட்டிருந்தது. சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரி போன்றவர்களும் எதிர்த்தார்கள். 'ஒரு குரங்குக்காக மின்சாரத்தை விடணுமா?' என்ற கேள்வியும் எழுந்தது. கடைசியில் 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது.

அடுத்த வருஷம் இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். வண்டலூர் உயிரியல் பூங்காவைத் திறந்தார். பால்ஃபர் தொடங்கியதன் புது வீடு அது. செப்டம்பரில் ராஜீவ் காந்தி சைலன்ட் வேலியைத் திறந்து வைத்தார். இரண்டு இடத்திலும் சோலைமந்தி உண்டு. பட்டாபிராமிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டை தாண்டி நேரே போனால் வண்டலூர் வந்துவிடும். நான் அங்கே போகும்போதெல்லாம் அந்தக் குரங்கின் எதிரில் கொஞ்ச நேரம் நிற்பேன். அங்கே அதன் இனப்பெருக்கத்துக்கு முயற்சி எடுக்கிறார்கள். அது அவசியமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது துப்பும் கொட்டை சிமென்ட் தரையில் விழுகிறது. மறுநாள் காலையில் பெருக்கி எடுத்துவிடுவார்கள். அங்கே உயிர் பிழைத்திருக்கிறது, வேலை போய்விட்டது.

இதில் நமக்கு என்ன? போரூருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறதே வீராணம் தண்ணீர், அது பெரும்பாலும் காவிரித் தண்ணீர். சைலன்ட் வேலிக் காட்டைத் தொட்டு அட்டப்பாடி வழியாக இறங்கும் பவானி, காவிரியில்தான் கலக்கிறது. மலையில் பெய்கிற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது அந்த மரங்களும் அவற்றின் அடியில் இருக்கும் மண்ணும். அந்த மரங்களில் பலவற்றை நட்டவர்கள் குரங்கும் இருவாச்சியும்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே புதுத்தோட்டம் என்ற துண்டுக்காட்டில் இன்றும் சோலைமந்திகள் வாழ்கின்றன. காட்டுக்குக் குறுக்கே ரோடு ஓடுவதால், மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஃபயர் ஹோஸைப் பின்னிக் கட்டிய சாதாரணப் பாலம்தான். குரங்குகள் அதில் ஏறிக் கடக்கின்றன, கன்னம் நிறையப் பழத்தோடு.